கவலையும் கரிசனையும்

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. முதலாம் எண், தொலைவான கடற்பரப்பில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகியுள்ளதை அறிவிக்கிறது. எண் ஏற ஏற ஆபத்தும் நெருங்குகிறது. கடும் புயல் துறைமுகத்தின்மீதோ அதற்கு மிக அருகிலோ கடக்கவிருக்கிறது என்பதைப் பத்தாம் எண் உணர்த்தும். அவ்வாறாயின் பதினொன்றாம் எண் எதைச் சொல்கிறது? பத்தினும் கடுமையான காற்றையா? அதனினும் உயர்ந்த அலையையா? இல்லை. வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று, இனிச் செய்தி எதுவும் வாராது என்பதே அதன் பொருள். இவ்வரிசையை வகுத்த கடலோர அலுவலர்கள் மெய்யியல் பேச முற்பட்டவர்கள் அல்லர். ஆயினும், கொடிய காற்றுக்கும் மேலான ஓரிடத்தை அவர்கள் மௌனத்துக்கு அளித்துள்ளனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் இப்பதினொன்றாம் கூண்டு எத்தனையோ இல்லங்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிறது. துபாயிலோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ பணிபுரியும் மகன், வேதாரணியத்துக்கு அருகே ஓட்டு வீட்டில் தனித்திருக்கும் தாயை நினைத்து விழித்திருக்கிறான். சென்னையில் மணமுடித்து வாழும் மகள், ஆழ்கடலுக்குச் சென்ற தந்தையை நினைத்துத் தொலைபேசியைக் கையை விட்டு இறக்காதிருக்கிறாள். இத்தகைய இரவுகளில் மனிதர் கொள்ளும் கவலை அன்பின் வெளிப்பாடா? இறைநம்பிக்கையின் குறைவா? யாருக்கும் பயன்படாத மனவருத்தமா? அவ்விரவில் நாம் எதை வேண்டுவது முறை? இவ்வினாக்களைச் சற்று நின்று ஆராய்வது, கடற்கரை நெடுகிலும் பங்குகளைக் கொண்ட நமக்குக் கடமையாகிறது.

செயலற்ற கைகள்

புயலின் நடுவே இருப்பவருக்கு வேலை உண்டு. கூரையைக் கயிற்றால் இழுத்துக் கட்டுகிறார். ஆடுகளை மேட்டுக்கு ஓட்டுகிறார். குடங்களில் நீர் நிரப்புகிறார். குடும்ப அட்டையையும் நிலப்பத்திரத்தையும் நெகிழித் தாளில் சுற்றுகிறார். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்து முகாமுக்கு அழைத்துச் செல்கிறார். அச்சம் அவரிடமும் உண்டு. ஆனால் அவ்வச்சம் கைகளின் வழியே வடிந்துகொண்டிருக்கிறது. தொலைவில் இருப்பவரின் கைகளுக்கோ வேலையில்லை. வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையை எதிர்நோக்கி அமர்ந்திருப்பதும், வரைபடத்தில் விரிந்துகொண்டே செல்லும் அந்தக் கூம்பு வடிவத்துக்குள் தம் ஊர் இருக்கிறதா என்று பார்ப்பதும் தவிர அவரால் ஆவது ஒன்றுமில்லை. ஊரில் உள்ளவர் ஒரு புயலைக் காண்கிறார். தொலைவில் உள்ளவரோ மனக்கண்ணில் ஒரே இரவில் நூறு புயல்களைக் காண்கிறார்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. செல்பேசிக் கோபுரங்களும் மௌனமாயின. காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்தது. கடல் கடந்து வாழ்ந்த பிள்ளைகளுக்கோ அது பல நாள் ஓயவில்லை. புயலின் காலமும் புயலைப் பற்றிய கவலையின் காலமும் ஒன்றாக அமைவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில், பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு புறப்பட்ட தொடர்வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடல் அதனை விழுங்கிற்று. அப்பயணிகளை எதிர்பார்த்தும் வழியனுப்பியும் இருந்த இல்லங்களின் நிலையை எண்ணிப் பார்ப்போம். தொடர்புக் கம்பிகள் யாவும் அறுந்துபோயின. கொண்டவரும் பெற்றவரும் தம் உறவினர் உயிரோடு இருப்பதாகவே எண்ணி உண்டு உறங்கியிருப்பர். அறியாமையில் அவர்களுக்குக் கிடைத்த அந்தச் சில மணி நேர நிம்மதியை நாம் பேறு என்போமா, பரிதாபம் என்போமா? பெரும்பாலோர் பரிதாபம் என்றே விடையிறுப்பர். அன்பு கொண்டோர் வேதனையற்றிருப்பதைவிட உண்மையோடு இருப்பதையே விரும்புகின்றனர். கவலை என்பது வெறும் வலியாக மட்டும் இருந்திருப்பின் அதனை எவரும் இவ்வாறு தேடிப் பெறமாட்டார்.

ஒரு பழைய மருந்து

கவலைக்கு மருந்து கூறியோருள் முதன்மையானவர் பண்டைய ஸ்டோயிக் அறிஞர். அடிமையாய் இருந்து அறிஞரான எபிக்டெட்டஸ், நம் ஆற்றலுக்கு உட்பட்டவை இவை, உட்படாதவை இவை என்று பிரித்து, உட்படாதவற்றின்மேல் மனத்தை வைக்காதிருக்கக் கற்பித்தார். உன் குழந்தையை முத்தமிடுகையில், நீ முத்தமிடுவது இறக்கக்கூடிய ஒரு மனித உயிரை என்று உனக்குள் சொல்லிக்கொள். அவ்வாறாயின் அது மாயும்போது கலங்கமாட்டாய் என்பது அவர் அறிவுரையின் சாரம். காற்றின் திசை நம் கையில் இல்லை. ஆகவே அதைப் பற்றிக் கலங்குவது அறிவுடைமை ஆகாது.

இம்மருந்தை எள்ளி ஒதுக்குவது எளிது, ஆனால் நேர்மையாகாது. நம்மால் இயலாததை இயலாதென்று ஒப்புக்கொள்ளும் பணிவு இதில் உண்டு. நள்ளிரவில் பத்தாவது முறையாக ஒரே எண்ணை அழைத்துப் பார்ப்பவருக்கு, அவ்வழைப்பு காற்றின் விசையை ஒரு கல் தொலைவும் குறைக்காது என்பதை நினைவூட்டுவது தீமையன்று. ஆயினும் இம்மருந்து நோயை நீக்கும்போது நோயாளியின் ஓர் உறுப்பையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. புயலடிக்கும் இரவில், தாய் இருக்கும் ஊர் வரைபடத்தின் நடுவே இருக்க, அயர்ந்து உறங்கிய மகனை நாம் ஞானி என்று போற்றுவதில்லை. அவன் உறக்கம் ஆழ்ந்த நம்பிக்கையால் வந்திருக்கலாம், அன்பின்மையாலும் வந்திருக்கலாம். புறத்தே நோக்குவோருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கலங்காமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், அக்கறையற்றவனே முதற்பரிசு பெறுவான்.

புனித பவுலின் மடல்களை அடுத்தடுத்துப் படிப்போர் ஓர் இடர்ப்பாட்டைக் காண்பர். எதைப் பற்றியும் கவலைகொள்ள வேண்டாம் எனப் பிலிப்பியருக்கு எழுதிய அவரே, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில், தாம் மும்முறை கப்பற்சேதத்தில் சிக்கியதையும் ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் தத்தளித்ததையும் அடுக்கிச் சொல்லிவிட்டு, இவற்றுக்கெல்லாம் மேலாகத் தொலைவிலுள்ள சபைகள் அனைத்தையும் பற்றிய கவலை தம்மை நாள்தோறும் அழுத்துவதாகக் கூறுகிறார். இரு இடங்களிலும் அவர் கையாள்வது ஒரே வேரினின்று பிறந்த கிரேக்கச் சொற்களே. கடலில் மிதந்த மனிதர், கரையில் இருந்தபோது கொண்ட கவலையைக் கடலினும் பெரிதாக எண்ணுகிறார்! அவர் தமக்குத் தாமே முரண்படுகிறாரா?

அதே பிலிப்பியர் மடலில் எப்பப்பிராதித்து என்பவரைப் பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. அவர் நோயுற்றுச் சாகும் நிலைக்குச் சென்றார். தாம் நோயுற்றதைத் தம் ஊரார் கேள்விப்பட்டுவிட்டனரே என்பதுதான் அவரை வருத்தியதாம். இச்செய்தியை நம் கடற்கரைத் தாய்மார்கள் உடனே புரிந்துகொள்வர். கூரை பறக்கும் ஓசை தொலைபேசி வழியே கேட்டுக்கொண்டிருக்க, 'இங்கே ஒன்றுமில்லையப்பா, நீ சாப்பிட்டாயா?' என்று கேட்கும் அன்னையர் எத்தனை பேர்! அது பொய்யா என்று அறநூலார் வாதிடட்டும். துன்பத்தில் இருப்பவரே தொலைவில் இருப்பவரின் கவலையைத் தாங்க முற்படும் அந்த விந்தையை நாம் கண்டுகொண்டால் போதும். கவலை ஒருவழிப் பாதை அன்று. அது இரு கரைகளுக்கும் இடையே ஓடும் கயிறு. இரு முனையிலும் இழுவிசை உண்டு.

இரங்கலும் இருத்தலும்

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உள்ளத்து ஒழுக்கத்தை உரியதாக்கினர். கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு இரங்கலை வைத்தனர். காடும் காடு சார்ந்த முல்லைக்கு இருத்தலை வைத்தனர். தொலைவில் சென்றோரை எண்ணிப் புலம்புவது இரங்கல். அவர் வருவார் என்று ஆற்றியிருப்பது இருத்தல். மீளும் காலம் குறிக்கப்படாத கடலுக்கு முன்னால் நிற்போருக்குப் புலம்பலே இயல்பு என்பதை நம் இலக்கணத்தார் அறிந்திருந்தனர். அப்புலம்பலை அவர்கள் குற்றம் என்று கொள்ளவில்லை. அதனை ஒரு திணையின் உரிப்பொருளாக ஏற்றுச் சிறப்புச் செய்தனர்.

'கவலை' என்னும் நம் சொல்லும் ஆய்வுக்குரியது. பழந்தமிழில் இச்சொல் வழி பிரியும் இடத்தையும், கிளைத்துச் செல்லும் பாதையையும் குறித்தது. மனம் இரண்டு பட்டு, 'இருப்பாரோ, மாட்டாரோ' என்று கவர்த்த வழியின் நடுவே நிற்பதுதான் கவலை. ஒரே சொல் இரு பொருளுக்கும் நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அனுபவத்துக்கு அது பொருத்தமாகவே உள்ளது. பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லையும் பகுத்தல், பிளத்தல் என்னும் வேரோடு இணைத்துக் காணும் அறிஞர் உளர்.

இதிலிருந்து ஒரு வேறுபாட்டை நாம் வகுத்துக்கொள்ளலாம். மனத்தைப் பிளக்கும் கவலை ஒன்று; மனத்தைப் பிறரோடு சேர்க்கும் கவலை மற்றொன்று. முன்னது, நடக்கவிருப்பதைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்று தோற்று, மீண்டும் முயன்று தோற்பது. அதன் நடுவில் நிற்பது 'எனக்கு என்ன நேருமோ' என்னும் வினா. தாயை இழப்பது தாய்க்கு நேரும் துன்பமாக அன்றித் தனக்கு நேரும் துன்பமாகவே அதற்குத் தோன்றுகிறது. பின்னது, தொலைவில் இருப்பவரின் இரவை அவரோடு சேர்ந்து விழித்துக் கழிப்பது. அதன் நடுவில் நிற்பது அவருடைய முகம். இப்பின்னதைத்தான் நம் திருச்சபை வழக்கில் 'கரிசனை' என்கிறோம். பவுல் பிலிப்பியரிடம் விலக்கியது முன்னதை. கொரிந்தியரிடம் தம் நெஞ்சில் ஒப்புக்கொண்டது பின்னதை. உண்மையில் எந்த மனித நெஞ்சிலும் இவை இரண்டும் தனித்தனியே கிடைப்பதில்லை. பாலும் நீரும்போல் கலந்தே இருக்கும். ஆகவே புயல் இரவில் அழும் ஒருத்தியிடம் சென்று, 'உனக்கு நம்பிக்கை இல்லையா?' என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. அவள் கண்ணீரில் எது எவ்வளவு என்பதை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை.

திசை மாறிய புயல்

இதுவரை நாம் கண்டது எளிய பகுதி. இனிக் காண்பது கடினமான பகுதி.

2019 ஏப்ரல் இறுதியில் வங்கக் கடலில் உருவான ஃபானி புயல், தமிழகத்தின் வடகரையையும் ஆந்திரத்தின் தென்கரையையும் நோக்கி வரக்கூடும் என்று முதலில் கணிக்கப்பட்டது. பின்னர் அது கடலிலேயே வளைந்து வடகிழக்காகச் சென்றது. நம்மில் பலர் பெருமூச்செறிந்தோம். குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்த சென்னையில், மழை கிடைக்காமற் போனதே என வருந்தினோரும் உண்டு. ஆனால் அப்புயல் மறைந்துவிடவில்லை. மே 3-ஆம் நாள் ஒடிசாவின் பூரி நகருக்கு அருகே கரையைக் கடந்தது. அம்மாநிலத்தில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலட்சக்கணக்கான வீடுகள் சேதமுற்றன. 'ஆண்டவரே, எங்கள் பக்கம் வராமல் திருப்பிவிடும்' என்று மன்றாடியோரின் மன்றாட்டு நிறைவேறியதா? நிறைவேறியது என்று நன்றி கூறுவோமாயின், பூரியின் குடிசைகளில் இருந்தோர் அதே இரவில் செய்த மன்றாட்டைப் பற்றி என்ன சொல்வோம்?

புயலொன்று கடலில் உருவாகி வலுப்பெற்றபின் அது ஏதோ ஒரு கரையை அடையக்கூடும். ஆகவே 'இங்கு வேண்டாம்' என்னும் வேண்டுதல், சொல்லாமலே 'அங்கு' என்பதையும் தன்னுள் கொண்டிருக்கலாம். உரோமைக் கவிஞர் லுக்ரேசியஸ், பெருங்கடலில் பிறர் தத்தளிப்பதைக் கரையில் நின்று காண்பது இனிது என்றார். அவர் துன்பம் இனிப்பதால் அன்று, அத்துன்பம் நமக்கு இல்லை என்று உணர்வதால் என்று அதற்கு விளக்கமும் தந்தார். நம்மில் பலர் சொல்லத் துணியாததை அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

ஆடம் ஸ்மித் 1759-இல் வெளியிட்ட அறவுணர்வு பற்றிய நூலில் இதனை இன்னும் கூர்மையாக ஆராய்ந்தார். சீனப் பேரரசு முழுவதையும் நிலநடுக்கம் விழுங்கிற்று என்று கேள்விப்படும் ஐரோப்பியர் ஒருவர், உரிய முறையில் வருந்திவிட்டு அன்றிரவு நன்கு உறங்குவார். நாளை தம் சுண்டுவிரலை இழக்கவேண்டும் என்றாலோ உறங்கமாட்டார் என்றார். பலர் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஸ்மித் நிறுத்தவில்லை. அச்சுண்டுவிரலைக் காத்துக்கொள்ள அத்தனை கோடி உயிர்களையும் பலியிட அம்மனிதர் இசைவாரா என்று கேட்டு, மனித இயல்பு அதை நினைத்தே நடுங்கும் என்று விடை தந்தார். நம் உணர்ச்சி குறுகியது. நம் மனச்சான்று அத்துணைக் குறுகியது அன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் புயல் இரவின் மன்றாட்டு நிகழ்கிறது.

தம்மவருக்காக மிகுதியாகக் கலங்குவது குற்றமா? இல்லை. அன்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்றும், நம்மோடு நெருங்கிப் பிணைக்கப்பட்டோரை மிகுதியாக அன்புசெய்வது முறையே என்றும் புனித தோமா அக்குவினார் கற்பித்தார். எல்லாரையும் சமமாக நேசிக்கிறேன் என்போன் பெரும்பாலும் எவரையும் நேசிப்பதில்லை. தாயின் முகத்தைக் கொண்டுதான் நாம் அன்பையே கற்றுக்கொள்கிறோம். ஆனால் நெருங்கியோரை மிகுதியாக நேசிப்பது வேறு. தொலைவிலுள்ளோரை அவர்களுக்குப் பதிலாக முன்நிறுத்துவது வேறு. முன்னது அன்பின் ஒழுங்கு. பின்னது ஒரு வணிகம். 'என் தாயைக் காப்பாற்றும்' என்பதற்கும் 'என் தாய்க்குப் பதில் இன்னொருத்தியை எடுத்துக்கொள்ளும்' என்பதற்கும் இடையே பெருங்கடல் உண்டு.

பிற படகுகள்

இயேசு புயலை அடக்கிய நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அலை மோதுகிறது, படகு நிரம்புகிறது, அவரோ உறங்குகிறார், சீடர் எழுப்புகின்றனர். இந்நிகழ்ச்சியைக் கூறும் மாற்கு நற்செய்தியாளர், தொடக்கத்தில் ஒரு சிறு செய்தியைப் போகிறபோக்கில் குறிக்கிறார். அப்பயணத்தில் வேறு படகுகளும் உடன் இருந்தன என்பதே அது. அப்படகுகளில் இருந்தோர் யாவர், அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அவர் பின்னர்ச் சொல்லவில்லை. சீடர்களின் கூக்குரலும் தம் படகைப் பற்றியதாகவே இருந்தது. ஆனால் காற்று அடங்கியபோது கடல் முழுவதுக்கும் அடங்கியது. புயல் வேறு பக்கம் திருப்பப்படவில்லை. ஆகவே சீடரின் கூக்குரல் குறுகியதாயினும், அதற்குக் கிடைத்த மறுமொழி அவர்கள் நினையாத படகுகளையும் தழுவிற்று.

நம் மன்றாட்டுக்கு இது ஓர் இலக்கணம் தருகிறது. நாம் கூவுவது நம் படகிலிருந்துதான். வேறெங்கிருந்து கூவ இயலும்? ஆனால் கூவும்போது பிற படகுகளும் இதே நீரில் உள்ளன என்பதை மறவாதிருக்கலாம். 'திருப்பிவிடும்' என்னும் வேண்டுதலைவிட 'தணித்தருளும்' என்னும் வேண்டுதல் அகன்றது. 'எங்கள் ஊரைக் காத்தருளும்' என்பதோடு 'அது சென்றடையும் ஊரையும்' என்று சேர்ப்பதற்கு ஒரு மூச்சுக்கு மேல் தேவையில்லை. இச்சேர்க்கை காற்றை மாற்றுமா என்பதை அறியோம். வேண்டுவோரை மாற்றும் என்பது உறுதி. பூரியைத் தன் மன்றாட்டில் சேர்த்துக்கொண்டவர், மறுநாள் பூரியின் செய்தியைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

கேட்டது கேட்டவாறே கிடைக்காதபோது என்ன செய்வது? 383-ஆம் ஆண்டில் அகுஸ்தீன், தம் அன்னை மோனிக்காவிடம் உண்மையை மறைத்துவிட்டுக் கார்த்தேஜ் நகரிலிருந்து இரவோடு இரவாக உரோமைக்குக் கப்பலேறினார். அவ்விரவு முழுவதும் அன்னையோ துறைமுகத்துக்கு அருகே புனித சிப்பிரியான் நினைவிடத்தில், மகன் கடல் கடக்கக்கூடாது என்று அழுது மன்றாடிக்கொண்டிருந்தார். விடிந்தபோது மகன் இல்லை. கேட்ட வேண்டுதல் மறுக்கப்பட்டது. ஆயின் அக்கடற்பயணமே அவரை மிலான் நகருக்கும் அங்கே மனமாற்றத்துக்கும் இட்டுச்சென்றது. இதைக் கண்டு, எல்லா மறுப்பும் மறைந்த அருளே என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். கடலில் மகனை இழந்த தாயிடம் அவ்வாறு சொல்வது கொடுமை. மோனிக்கா தம் வேண்டுதல் தோற்ற பின்னும் மகனுக்காக வேண்டுவதை நிறுத்தவில்லை. பிற்பாடு தாமே கடல் கடந்து அவரைத் தேடிச் சென்றார். கரிசனை விளைவை நம்பி வாழ்வதில்லை என்பதற்கு அவரே சான்று.

கவலை இறைத்த நீர்

கொங்கு நாட்டில் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் அமைப்புக்கும் 'கவலை' என்றே பெயர். அந்தக் கவலை ஆழத்துக்கு இறங்கும், நிரம்பி மேலே வரும், வாய்க்காலில் கொட்டும். சால் ஓட்டையாயின், மாடுகள் நாளெல்லாம் நடந்தும் வயல் நனையாது. மனக்கவலையின் தரத்தையும் இதே கேள்வியால் சோதிக்கலாம்: அது எந்த வாய்க்காலையேனும் நனைத்ததா?

நனைத்த கவலைக்கு வரலாற்றில் சான்றுண்டு. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாக்கிஸ்தானின் கரையைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடுதலை பெற்ற வங்கதேசம் 1972-இல் செஞ்சிலுவைச் சங்கத்தோடு இணைந்து புயல் முன்னெச்சரிக்கைத் தொண்டர் அமைப்பை உருவாக்கிற்று. சிற்றூர்தோறும் தொண்டர்கள் கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் கூவியும் மக்களைப் பாதுகாப்பிடங்களுக்கு அழைத்தனர். 1991-இல் மீண்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் புயல் கொண்டுபோயிற்று. மேலும் பல பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. 2007-இல் வந்த சிடர் புயல் மிகக் கடுமையானதாயினும் இறந்தோர் சில ஆயிரவரே. ஒடிசாவில் 1999 அக்டோபர் 29-இல் வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். அவ்வதிர்ச்சியிலிருந்து அம்மாநிலம் கடற்கரையோரம் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ 10 இலட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். ஃபானியின்போது 12 இலட்சம் பேர். காற்று கருணை காட்டவில்லை. மனிதர் தம் கவலையைச் செங்கல்லாகவும் ஒலிபெருக்கியாகவும் மாற்றியிருந்தனர்.

இதன் பாடம் யாது? புயல் இரவில் தொலைவில் இருப்போருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மேலே கூறினோம். அது அவ்விரவைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் சித்திரையிலும் வைகாசியிலும் செய்வதற்கு நிரம்ப உண்டு. ஓட்டுக் கூரையைக் காரை வீடாக மாற்ற அனுப்பும் பணம், தாயின் மருந்துப் பெட்டியில் ஒரு மாதத்துக்கு வேண்டிய மாத்திரை, அண்டை வீட்டாரின் தொலைபேசி எண், நம் ஊரில் பாதுகாப்பு மையத்தின் கதவு திறக்கிறதா என்னும் ஒரு கேள்வி ஆகியவை அமைதிக் காலத்தின் கவலைகள். அவற்றில் கண்ணீர் இல்லாமையால் நாம் அவற்றை அன்பென்று எண்ணுவதில்லை. அவையே அன்பின் உழைப்பு. அவ்விரவிலும்கூட ஒரு சிறு கடமை உண்டு. மின்சாரம் அற்ற ஊரில் செல்பேசியின் மின்கலத்தில் எஞ்சியிருக்கும் சிறிது உயிரை நம் பதற்றத்துக்காகச் செலவழிக்காமல், ஒற்றை வரிச் செய்தியோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு துறவே.

பதினொன்றாம் கூண்டின் கீழ்

கவலை யாவும் கரிசனையாக மாறிய பின்னும் ஒன்று எஞ்சுகிறது. 2017 நவம்பர் 29, 30 நாள்களில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வெகு விரைவாக வலுப்பெற்றது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் முன்பே நெடுந்தொலைவு சென்றிருந்தனர். கரையிலிருந்து சில கடல்மைல்களுக்கு அப்பால் செல்பேசி ஒலிப்பதில்லை. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. இங்கே ஊர் பாதுகாப்பாக இருந்தது, ஊரின் ஆண்கள் புயலுக்குள் இருந்தனர். நாள்கள் வாரங்களாயின. ஒரு படகு இலட்சத்தீவில் கரைசேர்ந்தது, மற்றொன்று மராட்டியக் கரையில் சேர்ந்தது என்று செய்திகள் துளித்துளியாக வந்தன. வாராத படகுகளும் பல. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இழப்புக்குள்ளாயின; பெரும்பாலோரின் உடல்கள் கிட்டவில்லை.

காணாமற்போனவரை ஏழாண்டு வரை செய்தியில்லையெனில் இறந்தவராகக் கருதலாம் என்பது நம் சட்டத்தின் நெறி. ஒக்கியில் மறைந்தோர் குடும்பங்களுக்காக அரசு இந்நெறியைத் தளர்த்தி உதவித்தொகை வழங்கிற்று. அது தேவையான இரக்கம். எனினும் சட்டம் ஏழாண்டென்று சொன்னாலும் ஏழு நாளென்று சொன்னாலும், உடலைக் காணாத மனைவியின் மனம் தனக்கென வேறொரு நாட்காட்டி வைத்திருக்கிறது. கல்லறை இல்லாத இடத்தில் கவலைக்கு முடிவும் இல்லை; அது துயரமாக மாறுவதற்கும் வழியில்லாமல் கவர்த்த பாதையிலேயே நின்றுவிடுகிறது. அங்கே நம் வேறுபாடுகளும் விளக்கங்களும் வாயடைத்துப் போகின்றன.

அத்தகையோரிடம் செல்லும்போது நாம் விளக்கத்தைக் கையில் எடுத்துச் செல்லலாகாது. அகன்ற உலகம் மறந்த பின்னும், ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்த பின்னும், அப்பெயரை ஒருமுறை சொல்லிக் கேட்கச் செல்லலாம். பிள்ளையின் கல்விக் கட்டணம் கட்டப்பட்டதா என்று வினவலாம். ஒக்கிக்குப் பின் தொடங்கிய ஆழ்கடற் படகுகளுக்கான செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி முயற்சிகள், நம் பங்கின் கடைசிப் படகு வரை வந்து சேர்ந்தனவா என்று கேட்கலாம். பதினொன்றாம் கூண்டு இனி எவருக்கும் ஏறக்கூடாது என்பதற்காகச் செய்யும் எச்செயலும், அக்கூண்டின்கீழ் இன்றும் நிற்போருக்கு நாம் காட்டும் மரியாதையாகும்.

மீண்டும் ஒரு புயல் வரும்; அதற்குப் பெயரிடப்பட்ட பட்டியல் முன்னரே ஆயத்தமாக உள்ளது. நம் தொலைபேசி ஒலிக்கும். மறுமுனையில் பழகிய குரல், 'நாங்கள் நன்றாக இருக்கிறோம்' என்று சொல்லும். நெஞ்சு நிறைந்து இறைவனுக்கு நன்றி கூறுவோம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் தொடர்பைத் துண்டிக்குமுன் இன்னொரு வினாவையும் கேட்போம்: 'அடுத்த வீட்டார் எப்படி இருக்கிறார்கள்?' கவலை கரிசனையாக மாறுவது அவ்வினாவில் தொடங்குகிறது.